இலை நரைத்த செடி

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்குப் பேச்சு இருந்தது. அதனால் மேல்மலையில் யாரும் இலையைத் தேய்த்துப் பார்த்ததில்லை, மோந்து பார்த்ததில்லை, நாக்கில் வைத்துப் பார்த்ததும் இல்லை. எதற்குப் பார்க்கவேண்டும்? "நீ யாரு?" என்று கேட்டால் அதுவே சொல்லிவிடும். தலைவலிக்கு எது, பால் சுரக்க எது, தொட்டால் கை அரிப்பது எது, எல்லாமே வாய்க்கேள்விதான். கண் தெரியாதவர்கூட மருந்து பறித்து வரலாம். விஷச்செடிகூட, "என்னைத் தொடாதப்பா, செத்துப்போவ" என்று மரியாதையாகச் சொல்லும்.

பொய் என்று ஒன்று இருப்பது மனிதர்களுக்குத் தெரியும். தங்களுக்குள் தாராளமாகச் சொல்லிக்கொண்டார்கள். செடி பொய் சொல்லும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. அதுவரை எந்தச் செடியும் சொன்னதில்லை, அவ்வளவுதான் காரணம்.

மேல்மலை என்பது உச்சியில் புல்வெளி, பள்ளத்தில் சோலைக்காடு, நடுவில் முப்பது வீடு. எருமைதான் அவர்களுக்குச் சோறு. எருமைக்குப் புல்தான் சோறு. முன்பு ஒருமுறை எங்கிருந்தோ ஒரு செடி வந்து, யாரும் கவனிப்பதற்குள் பாதிப் புல்வெளியை மூடிவிட்டது. அந்த வருஷம் பதினேழு எருமைகள் செத்தன. அதற்குப் பிறகு ஊரில் ஒரு வழக்கம் வந்தது. வைகாசியில், கோடை மழை விட்டுப் புல் துளிர்க்கும்போது, ஒரு பெண் புல்வெளி முழுக்க நடப்பாள். ஒவ்வொரு செடியிடமும் இரண்டே கேள்வி. "பேர் என்ன? சொந்தம் யாரு?" சொந்தம் சொன்னால் இருக்கலாம். சொல்லாவிட்டால் வேரோடு பிடுங்கிப் பாறைமேல் போட்டுவிடுவாள். வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

இந்தக் கதை நடந்தபோது அந்த வேலை சிலம்பாயியிடம் இருந்தது. முப்பது வயது இருக்கும். நேரான ஆள். அவள் புருஷன் கூத்தன் எருமை மேய்ப்பவன். அவர்களுக்கு ஒரே பிள்ளை, கருமணி. நாலு வயசுப் பெண். எந்த நேரமும் அம்மாவின் இடுப்பில், இல்லாவிட்டால் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால்.

ஒரு ஐப்பசியில் ஒரு வியாபாரி மலையேறி வந்தான். கடல் தாண்டி வந்த பீங்கான் சாடிகள் அவனிடம் இருந்தன. சாடி உடையாமலிருக்கச் சுற்றிலும் காய்ந்த வைக்கோல் திணித்திருந்தது. அந்த வைக்கோலும் அங்கிருந்தே வந்தது. ஒரு பெரிய பாறையின் மறைவில் தங்கி, சாடியை எடுத்துக்கொண்டு, வைக்கோலைப் பொதிமாட்டுக்கு உதறிப் போட்டான். மாடு தின்றது போக மிச்சம் அங்கேயே கிடந்தது. அதில் ஒட்டிக்கொண்டிருந்த கறுப்பு விதை ஒன்று மண்ணுக்குள் போனது.

அடுத்த மழைக்கு அது முளைத்தது. நீளநீளமான இலைகள், பச்சைப் பசேலென்று, எண்ணெய் தடவினதுபோல வழவழப்பு. அப்போது அதற்கு ஒரு மயிர்கூடக் கிடையாது.

அந்தப் பாறையடியில் ஏற்கெனவே ஒரு சுரமடக்கி நின்றது. காய்ச்சலுக்கு அதைவிட மருந்து மேல்மலையில் இல்லை. அதற்கும் நீளமான, வழவழப்பான பச்சை இலைதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெற்றவளே குழம்பிப்போவாள்.

"யாருடி நீ?" என்று சுரமடக்கி கேட்டது.

புதுச்செடி தன் பேரைச் சொன்னது. அது வேறு ஊர்ப் பேர். சுற்றி நின்ற புல்லெல்லாம் சிரித்தது.

"என்னது? தும்மினியா, பேர் சொன்னியா?" என்றது புல். மேல்மலைப் புல்லுக்கு வாய் நீளம்.

"பேர்தான் சொன்னேன்."

"எங்கேயிருந்து வந்த?"

"வைக்கோல்ல."

"வைக்கோல்ல வந்தவளா? சரிதான். வைகாசி வரட்டும். சிலம்பாயி வந்து ரெண்டு கேள்வி கேப்பா. உனக்கு ஒண்ணுக்குக்கூடப் பதில் இல்ல. பாறைமேல நல்லா காயலாம்."

புல் விளையாட்டாகத்தான் சொன்னது. ஆனால் சொன்னது உண்மை. புதுச்செடி அன்று ராத்திரி முழுக்க வேரை ஆழமாக இறக்கிக்கொண்டே இருந்தது. பிடுங்க வருகிறவளுக்குக் கஷ்டமாக இருக்கட்டும் என்று நினைத்தது. அது ஒரு வருஷத்தில் பூத்துச் செத்துப்போகிற ஜாதி இல்லை. வேர் வைத்தால் பல வருஷம் இருக்கிற ஜாதி. அதனால்தான் சாகிறதென்றால் அதற்கு அவ்வளவு பயம்.

"அக்கா, சொந்தம் இல்லேன்னா நிஜமாவே பிடுங்கிடுவாங்களா?"

"பிடுங்குவாங்க."

"நான் யாரையும் மூடல. எனக்கு இந்த ஒரு சாண் இடம் போதும்."

"அதை யாரு கேக்கப்போறா? பேரு, சொந்தம். ரெண்டே கேள்விதான்."

சுரமடக்கிக்கு அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் என்ன செய்வதென்று தெரியவில்லை.

வைகாசி வந்தது. சிலம்பாயியும் வந்தாள். தலையில் துணி கட்டி, இடுப்பில் கருமணியை வைத்துக்கொண்டு, புல்வெளியின் கீழ்முனையிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே மேலேறினாள். பாறைக்கு வரும்போது உச்சிவெயில். பிள்ளையை இறக்கிவிட்டுச் சுரமடக்கியைப் பார்த்தாள்.

"பேர் என்ன தாயி?"

"சுரமடக்கி. வருஷா வருஷம் இதையே கேக்குற."

"கேக்கணும்னு இருக்கே. சொந்தம் யாரு?"

"ஓடைக்கரையில ரெண்டு பேரு. அருவிக்கு மேல ஒரு ஊரே இருக்கு."

"சரி." சிலம்பாயி அடுத்ததைப் பார்த்தாள். "நீ யாரு? போன வருஷம் பாக்கலையே."

புதுச்செடியின் வாய்வரை அதன் பேர் வந்தது. தும்மல்போல இருக்கிற அந்தப் பேர். அதைச் சொல்லியிருந்தால் அடுத்த கேள்விக்குப் பதில் இல்லை. கருமணி அதற்குள் குனிந்து அதன் இலை ஒன்றைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, வழவழன்னு இருக்கு."

"கையை எடு. பதில் சொல்லட்டும்."

"நான் சுரமடக்கிதான்," என்றது புதுச்செடி. "இவ என் அக்கா."

மேல்மலையில் ஒரு செடி சொன்ன முதல் பொய் அது. இடி இடிக்கவில்லை. ஒன்றும் ஆகவில்லை.

சிலம்பாயி பெரிய செடியைப் பார்த்தாள். "அப்படியா? உன் தங்கச்சியா?"

சுரமடக்கி புதுச்செடியைப் பார்த்தது. அருவிக்கு மேலே ஓர் ஊரே சொந்தம் இருக்கிறவளுக்கு ஒரு சொந்தம் கூடினால் என்ன குறைந்துபோகும் என்று நினைத்திருக்கலாம்.

"ம்," என்றது.

ஒரே எழுத்துதான். ஆனால் அதுவும் பொய்தான்.

சிலம்பாயி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள். அவள் போனபிறகு புல், "அடிப்பாவிங்களா" என்றது. "எனக்கென்ன. நான் ஒண்ணையும் பாக்கல."

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் புதுச்செடிக்கு நல்ல மாதங்கள். ஆவணியில் அது பூத்தது. பீட்ரூட் வெட்டின கை மாதிரி அழுத்தமான நிறம். சுரமடக்கியின் பூ நீலம். சிலம்பாயி விறகுக்குப் போகிற வழியில் நின்று பார்த்தாள்.

"என்னடி, அக்காவுக்கு நீலம், உனக்கு இப்படி?"

"நான் அப்பா ஜாடை."

சிலம்பாயி சிரித்துவிட்டாள். கருமணிக்கும் ஒன்றும் புரியாமல் சிரிப்பு. அந்தப் பிள்ளை தினமும் வந்து அந்தச் செடியிடம் உட்கார்ந்து ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும். எருமைக்கன்று முட்டியது, அப்பா தேன் கொண்டுவந்தது, அம்மா அடித்தது. போகும்போது ஓர் இலையைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு போகும். பறிக்காது. புதுச்செடிக்கு இந்த ஊரில் தானாக வந்த சொந்தம் அது ஒன்றுதான்.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், தை மாதம் கூத்தன் வந்து நின்றபோது, யாருக்காக வந்திருக்கிறான் என்று அதற்குத் தெரியும். தெரியாமல் செய்தது என்று யாரும் சொல்லமுடியாது.

தை மாதம் மேல்மலையில் உறைபனி. காலையில் புல்வெளி சுண்ணாம்பு கொட்டினதுபோல வெளுத்துக் கிடக்கும். வெயில் வந்ததும் புல்லெல்லாம் கருகிப் பழுப்பாகிவிடும். அந்த வருஷம் பனியோடு காட்டுமாடுகளும் வந்தன. பச்சையாக இருந்ததையெல்லாம் மேய்ந்தன. ஓடைக்கரைச் சுரமடக்கி போயிற்று. பாறையடிச் சுரமடக்கியையும் தரையோடு கடித்துவிட்டன. பாறையின் உள்மடிப்பில் ஒட்டிக்கொண்டு நின்றதால் புதுச்செடி மட்டும் தப்பித்தது. பூவெல்லாம் உதிர்ந்து வெறும் பச்சை இலையாக நின்றது.

செடிக்கு இலைதான் வாய். இலை இல்லாவிட்டால் பேச்சு இல்லை. சுரமடக்கி வேராக மண்ணுக்குள் கிடந்தது. கேட்க முடியும், சொல்ல முடியாது. கருகின புல்லும் அப்படியே. அந்தப் பாறையடியில் அன்றைக்கு வாய் இருந்தது ஒரே ஒரு செடிக்கு.

கருமணிக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் சாதாரணம். இரண்டாம் நாள் காலையில் உடம்பு அடுப்புக்கல்போலச் சுட்டது. பிள்ளை யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. சிலம்பாயியால் மடியிலிருந்து இறக்க முடியவில்லை.

"மச்சான், நீங்க போங்க. பாறையடியில சுரமடக்கி இருக்கும். ஒரு கைப்பிடி போதும்."

"எனக்கு இலை எது, தழை எதுன்னு தெரியாதே, புள்ள."

"தெரியவேண்டாம். கேட்டா சொல்லும்."

கூத்தன் ஓடினான். நடுப்பகல்தான், ஆனால் மூடுபனி. பாறையடிக்கு வந்து பார்த்தான். கடித்த தண்டுகள். பழுப்புப் புல். நடுவில் ஒரே ஒரு பச்சைச்செடி. அதன்முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது.

"தாயி, நீ சுரமடக்கிதானே?"

கூத்தன் இன்னும் கிட்டக் குனிந்தான்.

"கருமணிக்குக் காய்ச்சல். ரொம்ப சுடுது. நீ இல்லேன்னா சொல்லிடு, நான் அருவிக்கு மேல போயிடறேன். இன்னும் வெளிச்சம் இருக்கு. இப்பக் கெளம்பினா பொழுது சாயறதுக்குள்ள திரும்பிடுவேன்."

அவன் இதைவிடத் தெளிவாகக் கேட்டிருக்க முடியாது. 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் எழுந்து ஓடியிருப்பான். பிள்ளையும் பிழைத்திருக்கும். ஆனால் காய்ச்சல் இறங்கினபிறகு அவன் பெண்டாட்டியிடம் சொல்வான், அந்தப் பாறையடிச் செடி சுரமடக்கி இல்லையாம் என்று. அவள் வருவாள். வேரோடு போகும். அக்காவும் பொய் சொன்னாள் என்று அவளையும் சேர்த்துப் பிடுங்கலாம்.

செடி இதையெல்லாம் யோசித்தது. தன் இலையிலும் ஏதாவது சத்து இருக்கும், எந்த இலையில்தான் இல்லை என்றும் யோசித்தது. பயந்தவர்கள் இப்படித்தான் யோசிப்பார்கள்.

மூடுபனிக்குள் கூத்தன் திரும்பவும் கேட்டான். "நீதானே தாயி?"

"ஆமா."

அவன் கும்பிட்டுவிட்டு, ஒரு கைப்பிடிக்கு இரண்டு கைப்பிடியாகப் பறித்துக்கொண்டு ஓடினான்.

சிலம்பாயி பானையில் தண்ணீர் கொதிக்கவைத்துத் தயாராக இருந்தாள். இலையைப் போட்டாள். சுரமடக்கியைக் கொதிக்கவிட்டால் தண்ணீர் செங்கல் நிறத்துக்கு வரும். கசப்பு நெடி வீட்டையே தூக்கும். இந்தத் தண்ணீர் வெளிர்ப்பச்சையாக நின்றது. நெடியே இல்லை. அவள் மூடியைக் கையில் பிடித்தபடி பார்த்தாள்.

"மச்சான், கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்ன சொல்லிச்சு?"

"ஆமான்னு சொல்லிச்சு. ரெண்டு தரம் கேட்டேன்."

"பனியில கருகின இலை. அதான் நிறம் ஏறல போல," என்றாள் சிலம்பாயி. "அப்ப சரி."

இவ்வளவுதான் நடந்தது. கண் ஒன்று சொன்னது, மூக்கும் அதையே சொன்னது, இரண்டையும் ஒதுக்கிவைத்துவிட்டு அவள் செடியின் வார்த்தையை எடுத்துக்கொண்டாள். அந்த ஊரில் வேறு யாராக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்கள்.

பிள்ளைக்குப் புகட்டினாள். சாயங்காலம் ஒருமுறை, விடியுமுன் ஒருமுறை, மறுநாள் முழுக்க. அந்த இலை விஷம் இல்லை. விஷமாக இருந்திருந்தால் கக்கியாவது இருக்கும். அது ஒன்றுமே இல்லை. வெறும் பச்சைத்தண்ணீர். மருந்து கொடுக்கிறோம் என்று நம்பிக்கொண்டு இரண்டு நாள் சும்மா இருந்தார்கள். அருவிக்கு மேலே நிஜச் சுரமடக்கி ஓர் ஊராக நின்றுகொண்டிருந்தது. யாரும் போகவில்லை.

காய்ச்சல் வந்த நாலாம் நாள் காலை, வெயில் வந்து கூரையிலிருந்து பனி சொட்ட ஆரம்பித்தபோது, கருமணி செத்துப்போனாள்.

சிலம்பாயி சத்தம் போட்டு அழவில்லை. பானையைத் திறந்து, ஆறிப்போன தண்ணீரில் விரலை விட்டு, நாக்கில் வைத்தாள். கசக்கவில்லை. ஒரு வெந்த இலையை எடுத்துத் தேய்த்து மோந்து பார்த்தாள். ஒரு வாசமும் இல்லை. பிறகு பானையைக் கீழே வைத்தாள்.

"மச்சான், அது சுரமடக்கி இல்ல."

"ஆமான்னு சொல்லிச்சே, புள்ள."

"சொல்லிச்சு."

கூத்தன் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அந்த ஊரில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தன் கூந்தலை அறுத்துக் குழியில் பிள்ளையோடு வைப்பாள். தூங்கும்போது பிடித்துக்கொள்ள. சிலம்பாயி அறுக்கும்போதுதான் மற்றவர்கள் கவனித்தார்கள். அந்த மூன்று நாளில் அவள் தலை பாதிக்குமேல் நரைத்திருந்தது. அறுத்த கூந்தலில் பாதியைப் பிள்ளையின் கைக்குள் வைத்தாள். மீதியை முந்தானையில் முடிந்துகொண்டாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

மறுநாள் காலை அவள் பாறைக்குப் போனாள். பின்னாலேயே கூத்தன் மண்வெட்டியோடு வந்தான். அவனுக்குப் பின்னால் பாதி ஊர் வந்தது. வெயில் இன்னும் பாறைக்கு இறங்கவில்லை. செடியின் இலையெல்லாம் பனிநீர். பறித்தது போக மிச்சமிருந்த இலைகள்.

சிலம்பாயி அதன்முன் உட்கார்ந்தாள். முதல்முறையாக ஓர் இலையை விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தாள். மோந்து பார்த்தாள்.

"கருமணி செத்துட்டா," என்றாள்.

"தெரியும்," என்றது செடி. "நேத்து ஊர் அழுத சத்தம் கேட்டுச்சு."

"உன் இலையைக் கன்னத்துல வச்சுக்குவா."

"ஆமா."

"அவளுக்குன்னு தெரிஞ்சுதானே சொன்ன?"

"தெரிஞ்சுதான்."

கூத்தன் மண்வெட்டியை ஓங்கினான். சிலம்பாயி திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டித் தடுத்தாள்.

"ஏன் சொன்ன?"

"சொந்தம் இல்லேன்னு சொன்னா நீ பிடுங்கியிருப்பியே."

"பிடுங்கியிருப்பேன்," என்றாள் சிலம்பாயி. "வைகாசியிலயே பிடுங்கியிருப்பேன். என் பிள்ளை இருந்திருக்கும்."

கூத்தன் மண்வெட்டியோடு முன்னால் வந்தான்.

"நகரு புள்ள," என்றான் கூத்தன். "வேரையும் விடமாட்டேன்."

"வேணாம் மச்சான்."

"வேணாமா?"

"இதைப் பிடுங்கிடலாம். நாளைக்கு இன்னொரு வைக்கோல்ல இன்னொண்ணு வரும். இதே பச்சை, இதே வழவழப்பு. கேட்டா சுரமடக்கின்னு சொல்லும். எவ பிள்ளைக்கு எவ கொதிக்கவைப்பா? இது நிக்கட்டும், எல்லாருக்கும் ஞாபகமா. ஆனா இப்படி நிக்கக்கூடாது. பாத்தா தெரியணும். கண் தெரியாதவ தொட்டாலும் தெரியணும்."

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். நரைத்த கூந்தலைப் பாறைமேல் வைத்து அரிவாளால் பொடிப்பொடியாக நறுக்கினாள். வெகுநேரம் நறுக்கினாள். பிறகு அதை இரண்டு கையாலும் அள்ளி, பனிநீர் சொட்டுகிற அந்த இலைகள்மேல் தூவினாள். மேல்பக்கம் தூவினாள். ஒவ்வோர் இலையாகத் திருப்பி அடிப்பக்கமும் ஒட்டினாள். தண்டிலும் அப்பினாள்.

அந்த நேரம் பள்ளத்திலிருந்து காற்று ஏறி வந்தது. மேல்மலைக் காற்று லேசானது இல்லை. செடி கொஞ்சம் ஆடியிருந்தால் போதும், அத்தனை மயிரும் பறந்துபோயிருக்கும். அது ஆடவில்லை. இலைகளை ஒடுக்கிக்கொண்டு, தண்டை விறைத்துக்கொண்டு, காற்று போகிறவரை அப்படியே நின்றது. அதன் வாழ்க்கையில் அது பயப்படாமல் செய்த காரியம் அது ஒன்றுதான்.

காற்று நின்றது. மயிர் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நீ வருஷா வருஷம் வர்ற ஜாதிதானே?" என்று கேட்டாள் சிலம்பாயி.

"ஆமா. பனியில காஞ்சாலும் வேர் இருக்கும்."

"வா. வருஷா வருஷம் இதோட வா."

எழுந்தாள். முழங்காலில் ஒட்டின மண்ணைத் தட்டிவிட்டாள். இரண்டடி நடந்தவள் நின்று திரும்பினாள்.

"உன் நிஜப் பேர் என்ன?"

செடி நிமிர்ந்தது. வந்த நாளிலிருந்து வாய்க்குள்ளேயே வைத்திருந்த பேர்.

"சொன்னா நம்புவியா?"

சிலம்பாயி யோசித்துப் பார்த்தாள். அவள் நேரான ஆள் என்று முதலிலேயே சொன்னேன்.

"மாட்டேன்," என்றாள்.

செடி வாயை மூடிக்கொண்டது. பிறகு திறக்கவே இல்லை.

மாசியில் சுரமடக்கி துளிர்த்தது. முதல் இலை விரிந்ததும் பக்கத்தில் நின்ற நரைத்த செடியைப் பார்த்தது. நடந்ததையெல்லாம் வேராகக் கிடந்து அது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. தான் சொன்ன அந்த ஒற்றை 'ம்'மும் அதற்கு ஞாபகம் இருந்தது. அந்த வருஷம் வைகாசியில் சிலம்பாயி கூந்தல் இல்லாத தலையில் துணி கட்டிக்கொண்டு வந்தபோது, இடுப்பில் யாரும் இல்லை. அவள் ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து சுரமடக்கியின் இலையைத் தேய்த்தாள், மோந்தாள், நுனியைக் கிள்ளி நாக்கில் வைத்துத் துப்பினாள். "நீ சுரமடக்கி," என்று அவளே சொல்லிக்கொண்டாள். பக்கத்துச் செடியையும் தொட்டாள். அதன் இலையில் மயிர் வேர்விட்டிருந்தது. அதைப் பிடுங்கவில்லை.

அந்த வைகாசியில் அவள் எந்தச் செடியையும் சொந்தம் இல்லை என்று பிடுங்கவில்லை. புல்லை மூடுகிறதா என்று மட்டும் பார்த்தாள். மூடினதைப் பிடுங்கினாள். தன் இடத்தில் நின்றதை விட்டுவிட்டாள். ஊரில் சிலபேருக்கு அது பிடிக்கவில்லை. "வழக்கத்தை மாத்துறியா?" என்று கேட்டார்கள். "ஆமா," என்றாள்.

சுரமடக்கி அவளிடம் ஏதோ சொல்ல நினைத்தது. மன்னிப்பாக இருக்கலாம். ஆனால் கேட்காத ஆளிடம் எதைச் சொல்வது? சொன்னாலும் நம்பாத ஆளிடம் எதற்குச் சொல்வது? அது பேச்சை விட்டது. அதைப் பார்த்து ஓடைக்கரை விட்டது, சோலைக்காடு விட்டது. வாய்நீளப் புல்கூட அடுத்த மழைக்குள் ஓய்ந்துபோனது. இப்போது காற்றடித்தால் சரசரவென்று ஒரு சத்தம் வரும். பேச்சில் மிச்சம் அவ்வளவுதான்.

அந்தச் செடி இன்றும் அங்கே நிற்கிறது. பாறையடியில், பாதையோரத்தில், இடிந்த சுவரின் இடுக்கில். பூ அதே பீட்ரூட் நிறம். இலையும் தண்டும் மட்டும் சாம்பல் வெள்ளை, தொட்டால் நரைத்த தலையைத் தடவுகிறமாதிரி இருக்கும். மாடு வாய் வைக்காது. பனியில் காய்ந்துபோகும், மறுவருஷம் அதே வேரிலிருந்து அதே நரையோடு வரும். மேல்மலைக்காரர்கள் அதற்குப் பேர் வைக்கவில்லை. கேட்டால், "வெளியூர்ச் செடி" என்பார்கள். அதற்குப் பேர் உண்டு. அதுவாகச் சொல்லாது.

மருந்து பறிக்க அவசரமாக வருகிறவர்களின் விரல் தெரியாமல் அதன்மேல் பட்டால், அந்த மயிரைத் தொட்டதுமே விரல் பின்னால் வந்துவிடும். பக்கத்தில் நிற்கும் வழவழப்பான செடியைத் தேடிப் போகும். சிலம்பாயி கேட்டது அதைத்தான். அன்று முதல்தான் மேல்மலையில் இலை பறிக்கப் போகிறவர்கள், வீட்டில் எவ்வளவு பெரிய காய்ச்சல் இருந்தாலும், குனிந்து ஒரு நிமிஷம் நின்று, வாயால் கேட்காமல் விரலால் கேட்கிறார்கள்.